பிரதியிடலா, நீக்கலா? சமன்பாட்டைப் பார்த்து முறையைத் தேர்வது எப்படி

தெரியாத எண்கள் இரண்டு, அவற்றை இணைக்கும் நேரியல் சமன்பாடுகள் இரண்டு. இவற்றைத் தீர்க்கப் பிரதியிடல், நீக்கல், குறுக்குப் பெருக்கல், வரைபடம் என்று நான்கு முறைகளைப் பாடத்தில் அடுத்தடுத்துப் படிக்கிறோம். எந்த முறையில் போட்டாலும் விடை ஒன்றுதான். அப்படியானால் எதைத் தேர்ந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் விடை தவறுவது பெரும்பாலும் முறை புரியாததால் அல்ல. நடுவில் முளைக்கும் பின்னத்திலும், அடைப்புக்குறிக்கு முன் நிற்கும் கழித்தல் குறியிலும்தான் தவறுகிறது. முறையைப் பார்த்துத் தேர்ந்தால் இந்த இரண்டு தொல்லைகளும் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அதற்குப் பார்க்க வேண்டியது கெழுக்களை, அதாவது தெரியாத எண்களுக்கு முன் நிற்கும் பெருக்கெண்களை மட்டுமே.

இங்கே தெரியாத எண்களை க, ம என்று குறிப்போம்.

கெழு 1 இருந்தால் பிரதியிடல்

நான்கு கெழுக்களில் ஏதாவது ஒன்று 1 அல்லது −1 ஆக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், பிரதியிடல் முறைதான்.

5க − ம = 13 … (1)
3க + 4ம = 17 … (2)

முதல் சமன்பாட்டில் ம-வின் கெழு −1. அதைத் தனியே பிரிக்கும்போது −ம = 13 − 5க என்று வரும். இரு பக்கத்தையும் −1 ஆல் பெருக்கினால் ம = 5க − 13. இந்த இடத்திலேயே ஒரு வழுக்கல் உண்டு. ம-வின் குறியை மட்டும் மாற்றிவிட்டு, ம = 13 − 5க என்று எழுதிவிடுவார்கள். கெழு −1 என்றால் ம-வை வலப்பக்கம் கொண்டுபோய், 13-ஐ இடப்பக்கம் கொண்டுவருவது பாதுகாப்பானது: 5க − 13 = ம. −1 ஆல் பெருக்கும் வேலையே இல்லை.

இப்போது (2)-இல் ம இருக்கும் இடத்தில் (5க − 13) என்று அடைப்புக்குறியோடு வையுங்கள்.

3க + 4(5க − 13) = 17
3க + 20க − 52 = 17
23க = 69
க = 3

ம = 5 × 3 − 13 = 2. விடை (3, 2).

அடைப்புக்குறியை விட்டுவிட்டால் 4 × 5க மட்டும் நடக்கும், −13 பெருக்கப்படாமல் அப்படியே நிற்கும். அதைவிட மோசமான இடம், அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் வரும்போது. 5க − 3(2க − 7) என்பது 5க − 6க + 21. இங்கே −21 என்று எழுதுவதுதான் பிரதியிடலில் அதிகம் பார்க்கும் தவறு. பெருக்கி விரிக்கும் வரியைத் தனி வரியாக எழுதினால் இதைத் தவிர்க்கலாம். விரிப்பதையும் ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பதையும் ஒரே வரியில் மனத்தால் செய்ய முயல்வது வேண்டாம்.

சொற்கணக்குகளில் கெழு 1 தானாகவே கிடைப்பது வழக்கம். "இரண்டும் சேர்ந்து மொத்தம் இவ்வளவு" என்ற வாக்கியம் இருந்தால் க + ம = மொத்தம் என்ற சமன்பாடு வந்துவிடும். 20% உப்புக் கரைசலையும் 50% உப்புக் கரைசலையும் கலந்து 30% கரைசல் 12 லிட்டர் செய்ய வேண்டும் என்று வையுங்கள். க + ம = 12 என்பது கன அளவு. உப்பின் அளவு 20க + 50ம = 30 × 12 = 360. இதைப் 10 ஆல் வகுத்தால் 2க + 5ம = 36. க = 12 − ம என்று வைத்தால் 24 − 2ம + 5ம = 36, ஆகவே ம = 4, க = 8. அதேபோல் "ஒன்று மற்றதன் மூன்று மடங்கைவிட 4 அதிகம்" என்றால் ம = 3க + 4 என்று ஏற்கெனவே பிரித்த நிலையிலேயே சமன்பாடு கிடைக்கிறது. அதை 3க − ம = −4 என்று மாற்றி எழுதி நீக்கலுக்குப் போவது, செய்து வைத்த வேலையைக் கலைப்பதுதான்.

தேர்வதற்கு முன் சுத்தம் செய்யுங்கள்

கெழு 1 சில சமயம் மறைந்திருக்கும். இந்த இணையைப் பாருங்கள்:

0.3க + 0.5ம = 2.1
0.04க + 0.02ம = 0.14

பார்த்ததும் எந்த முறைக்கும் கை போகாது. முதல் சமன்பாட்டை 10 ஆலும் இரண்டாவதை 100 ஆலும் பெருக்குங்கள்: 3க + 5ம = 21, 4க + 2ம = 14. இரண்டாவதில் எல்லா எண்களும் இரட்டை. 2 ஆல் வகுத்தால் 2க + ம = 7. இதோ கெழு 1. ம = 7 − 2க என்று பிரதியிட்டால் 3க + 35 − 10க = 21, க = 2, ம = 3. இரு சமன்பாடுகளையும் ஒரே எண்ணால் பெருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனிச் சமன்பாடு. ஆனால் ஒரு சமன்பாட்டுக்குள் பெருக்கும்போது வலப்பக்க எண்ணையும் சேர்த்துப் பெருக்கியாக வேண்டும்.

பின்னம் முளைக்கும் இடம்

கெழு 1 எங்குமே இல்லாதபோதும் பிரதியிடலையே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்?

7க + 5ம = 29 … (1)
4க + 3ம = 17 … (2)

(1)-இலிருந்து க = (29 − 5ம)/7. இதை (2)-இல் வைத்தால்:

4(29 − 5ம)/7 + 3ம = 17

இரு பக்கமும் 7 ஆல் பெருக்க வேண்டும். சரியாகச் செய்தால் 116 − 20ம + 21ம = 119, ம = 3, க = 2. ஆனால் 7 ஆல் பெருக்கும்போது பின்னம் இல்லாத உறுப்புகள் கண்ணில் படாமல் தப்பிவிடும். வலப்பக்க 17-ஐ மட்டும் பெருக்க மறந்தால் 116 + ம = 17, ம = −99 என்று வரும். 3ம-வையும் சேர்த்து மறந்தால் −17ம = −99 என்று வரும், அது முழு எண்ணாகக்கூட இராது.

பின்னத்துக்குப் பயந்து தசமத்துக்கு மாறுவது இன்னும் ஆபத்து. 29/7-ஐ 4.14 என்றும் 5/7-ஐ 0.71 என்றும் இரண்டு தசம இடத்துக்குத் திருத்தி வைத்துப் பாருங்கள். 16.56 − 2.84ம + 3ம = 17, அதாவது 0.16ம = 0.44, ம = 2.75. உண்மையான விடை 3. ஏறக்குறைய சமமான இரண்டு எண்களை (3, 2.84) கழித்ததால், மூன்றாம் தசமத்தில் விட்ட சின்னப் பிழை விடையில் 0.25 ஆகப் பெருகிவிட்டது. கடைசிப் படி முடியும்வரை பின்னத்தைப் பின்னமாகவே வையுங்கள்.

இதே இணையை நீக்கல் முறையில் போட்டால் பின்னமே வராது. ம-வை நீக்க, (1)-ஐ 3 ஆலும் (2)-ஐ 5 ஆலும் பெருக்குவோம்.

21க + 15ம = 87
20க + 15ம = 85

கழித்தால் க = 2. (2)-இல் வைத்தால் 8 + 3ம = 17, ம = 3. எல்லாமே முழு எண் வேலை. கெழுக்கள் நான்கும் 1-ஐவிடப் பெரியவை என்றால் நீக்கலுக்கே போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

நீக்கலிலும் தேர்வு உண்டு

எந்த மாறியை, அதாவது தெரியாத எண்ணை, நீக்குவது? மீச்சிறு பொது மடங்கு சிறியதாக வரும் மாறியை எடுக்கலாம் என்பது ஒரு வழி. கெழுக்களின் குறி எதிரெதிராக இருக்கும் மாறியை எடுத்தால் கழிக்காமல் கூட்டலாம் என்பது இன்னொரு வழி. இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள் வரும்.

6க + 7ம = 4 … (1)
9க − 4ம = 35 … (2)

6, 9 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 18. 7, 4 இரண்டுக்கும் 28. சிறிய எண்ணைத் தேடினால் க-வை நீக்க வேண்டும். (1) × 3: 18க + 21ம = 12. (2) × 2: 18க − 8ம = 70. இப்போது கழிக்கும்போது 21ம − (−8ம) = 29ம. இதை 13ம என்று எழுதிவிட்டால் எல்லாம் போயிற்று. ம-வை நீக்கினால் 24க + 28ம = 16, 63க − 28ம = 245, கூட்டினால் 87க = 261, க = 3. எண்கள் கொஞ்சம் பெரியவை, ஆனால் குறிச்சிக்கல் இல்லை.

எங்கள் பரிந்துரை கூட்டலையே தேடுவது. பெரிய எண்ணைப் பெருக்குவதில் வரும் பிழையைவிடக் குறியில் வரும் பிழை கண்டுபிடிக்கக் கடினம். க-வைத்தான் நீக்க வேண்டும் என்றால், (2)-ஐ 2-க்குப் பதில் −2 ஆல் பெருக்கி −18க + 8ம = −70 என்று எழுதிக்கொண்டு கூட்டுங்கள். 29ம = −58, ம = −2. குறி மாற்றத்தைப் பெருக்கும்போதே முடித்துவிட்டால் கழிக்கும் வரியே தேவைப்படாது.

கெழுக்கள் இடம் மாறி வரும் இணைக்கு மட்டும் தனி வழி உண்டு:

53க + 29ம = 217
29க + 53ம = 193

இங்கே பிரதியிட்டால் 53 பின்னத்தின் பகுதியாக வரும், நீக்கினால் 53 × 29 வரும். இரண்டும் வேண்டாம். அப்படியே கூட்டுங்கள்: 82க + 82ம = 410, க + ம = 5. அப்படியே கழியுங்கள்: 24க − 24ம = 24, க − ம = 1. இனி க = 3, ம = 2 என்பது மனக்கணக்கு.

இரண்டும் உண்மையில் வேறு வேறா?

பிரதியிடலையும் நீக்கலையும் தொடர்பில்லாத இரு முறைகளாகப் படிப்பதால் ஒரு நல்ல வழி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

3க + 2ம = 16
5க + 6ம = 40

கெழு 1 இல்லை. ஆனால் 6ம என்பது 2ம-வின் மூன்று மடங்கு. ம-வைப் பிரிக்க வேண்டாம், 2ம-வை அப்படியே பிரியுங்கள்: 2ம = 16 − 3க. ஆகவே 6ம = 48 − 9க. இதை இரண்டாவதில் வைத்தால் 5க + 48 − 9க = 40, −4க = −8, க = 2. பிறகு 2ம = 10, ம = 5. பின்னம் வரவே இல்லை. செய்தது பிரதியிடல். ஆனால் முதல் சமன்பாட்டை 3 ஆல் பெருக்கி 9க + 6ம = 48 என்று எழுதி நீக்கியிருந்தாலும் இதே எண்கள்தான் வந்திருக்கும். ஒரு கெழு மற்றதன் மடங்காக இருக்கும் இடத்தில் இரு முறைகளும் ஒன்றாகிவிடுகின்றன. விருப்பப்படி எதையும் எடுக்கலாம்.

முதல் எடுத்துக்காட்டில் 23க = 69 என்று வந்ததை நினைவில் வையுங்கள். அதை நீக்கலில் போட்டால் (1) × 4: 20க − 4ம = 52, (2)-ஐக் கூட்டினால் மறுபடியும் 23க = 69. அந்த 23 தற்செயலாக வரவில்லை. கெழுக்களைக் குறுக்கே பெருக்கிக் கழித்தால் கிடைப்பது அது: 5 × 4 − 3 × (−1) = 23. அணிக்கோவை என்று சொல்வது இதைத்தான். எந்த முறையில் போனாலும் கடைசியில் இந்த எண்ணாலோ, பொதுக் காரணி சுருங்கி வந்த அதன் பகுதியாலோதான் வகுக்கிறோம். ஒரே விடை இருக்குமா என்பதை முன்கூட்டியே அறிய இதைக் கணக்கிட்டாலே போதும். 0 வந்தால் ஒரே விடை என்பது கிடையாது.

குறுக்குப் பெருக்கல்

மேலே சொன்னதை வாய்பாடாக்கினால் குறுக்குப் பெருக்கல் முறை. சமன்பாடுகளை அ₁க + ஆ₁ம + இ₁ = 0, அ₂க + ஆ₂ம + இ₂ = 0 என்று எழுதினால்

க/(ஆ₁இ₂ − ஆ₂இ₁) = ம/(இ₁அ₂ − இ₂அ₁) = 1/(அ₁ஆ₂ − அ₂ஆ₁)

மாறிலியை, அதாவது மாறி ஒட்டாத தனி எண்ணை, இடப்பக்கம் கொண்டுவருவதுதான் இதில் மறக்கும் படி. 7க + 5ம = 29, 4க + 3ம = 17 இணையில் −29, −17 என்று எடுக்க வேண்டும். 29, 17 என்றே எடுத்துவிட்டால் விடை (−2, −3) என்று வரும். இரண்டு விடைகளிலும் குறி மட்டும் தலைகீழாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வலப்பக்கத்தில் மாறிலியை வைத்தபடியே தீர்க்கும் அணிக்கோவை விதி, 1750-இல் அதை வெளியிட்ட காப்ரியேல் கிராமரின் பெயரால் வழங்குகிறது. அதில் இந்தச் சிக்கல் இல்லை: க = (29 × 3 − 17 × 5)/1 = 2, ம = (7 × 17 − 4 × 29)/1 = 3.

வாய்பாடு வேகமானது. ஒரே வடிவில் நிறைய இணைகளைத் தீர்க்க வேண்டும் என்றாலோ, கெழுக்கள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருந்தாலோ இதைப் பயன்படுத்துங்கள். முதலில் கற்கும் முறையாக இது வேண்டாம். தவறு நேர்ந்தால் எந்த வரியில் நேர்ந்தது என்று வாய்பாடு காட்டிக்கொடுக்காது.

வரைபடம்

வரைபட முறை விடையைக் கண்டுபிடிக்க அல்ல, விடை எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான். 3க + 2ம = 8, 2க − 5ம = 1 இணையின் தீர்வு (42/19, 13/19). 1 செ.மீ. = 1 அலகு என்று எவ்வளவு கவனமாக வரைந்தாலும் (2.2, 0.7) என்பதற்கு மேல் படிக்க முடியாது. கோடுகள் ஏறக்குறைய இணையாக ஓடினால் வெட்டும் இடமே தெளிவாகத் தெரியாது. க + ம = 2, க + 1.01ம = 2.01 என்பதன் தீர்வு (1, 1). 2.01-ஐ 2.02 ஆக மாற்றினால் தீர்வு (0, 2)-க்குத் தாவிவிடுகிறது. இது வரைபடத்தின் குறை மட்டுமல்ல, இந்த இணையின் இயல்பே இப்படி. அளந்து எடுத்த எண்களிலிருந்து இப்படி ஓர் இணை வந்தால், எந்த முறையில் தீர்த்தாலும் விடையின் தசம இடங்களை நம்ப முடியாது.

மாறி மறைந்துபோனால்

2க − ம = 3 என்பதிலிருந்து ம = 2க − 3. இதை 6க − 3ம = 10-இல் வைத்தால் 6க − 6க + 9 = 10, அதாவது 9 = 10. பொய்யான கூற்று, ஆகவே தீர்வு இல்லை. கோடுகள் இணையானவை. வலப்பக்கம் 9 ஆக இருந்தால் 9 = 9 என்று வரும். இரண்டும் ஒரே கோடு, எண்ணற்ற தீர்வுகள்.

பிரதியிடலில் மட்டும் இங்கே ஒரு பொய்யான எச்சரிக்கை வரக்கூடும். ம = 2க − 3 என்று பிரித்துவிட்டு, அது எந்தச் சமன்பாட்டிலிருந்து வந்ததோ அதிலேயே திரும்ப வைத்தால் 2க − 2க + 3 = 3, அதாவது 3 = 3. உடனே எண்ணற்ற தீர்வுகள் என்று எழுதிவிடுவார்கள். ஒரு சமன்பாட்டை அதிலேயே பிரதியிட்டால் இது மட்டும்தான் வரும். (1), (2) என்று எண் போட்டு, "(1)-இலிருந்து பிரித்தது, (2)-இல் வைக்கிறோம்" என்று வரியோரத்தில் குறித்தால் இது நடக்காது.

சரிபார்ப்பதிலும் இதே கண்ணி உண்டு. மேலே ம = −99 என்று தவறாக வந்ததை க = (29 − 5ம)/7-இல் வைத்தால் க = 524/7. இந்த விடையை அங்கிருந்த (1)-இல், அதாவது 7க + 5ம = 29-இல், சரிபார்த்தால் பொருந்திவிடும், ஏனென்றால் க-வை (1)-இலிருந்துதான் எடுத்தோம். (2)-இல், அதாவது 4க + 3ம = 17-இல், வைத்தால்தான் தவறு தெரியும். எந்தச் சமன்பாட்டிலிருந்து இரண்டாம் மாறியைக் கண்டீர்களோ, அதல்லாத மற்றதில், கேள்வியில் கொடுத்த மூல வடிவத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டைத் தாண்டினால்

தெரியாத எண்கள் மூன்று, நான்கு என்று கூடினால் நீக்கலே முந்தும். படிப்படியாக ஒவ்வொரு மாறியாக அகற்றிக்கொண்டு போகலாம். கணினிகள் பெரிய தொகுதிகளைத் தீர்ப்பதும் பெரும்பாலும் இந்த வழியின் வடிவங்களில்தான். அணிக்கோவையை நேராக விரித்தால் 10 மாறிகளுக்கே ஒவ்வொன்றிலும் 36,28,800 உறுப்புகள் வரும்.

நேர்கோடு அல்லாத சமன்பாடு ஒன்று சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. க + ம = 7, கம = 12 என்ற இணையில் எந்தக் கெழுவைப் பெருக்கிக் கழித்தாலும் ஒரு மாறி நேராக நீங்காது. ம = 7 − க என்று பிரதியிட்டால் க(7 − க) = 12, க² − 7க + 12 = 0, க = 3 அல்லது 4. ஒவ்வொரு க-வுக்கும் ம-வை நேர்கோட்டுச் சமன்பாட்டிலிருந்தே கண்டு, (3, 4), (4, 3) என்று இணையாக எழுத வேண்டும். நேரியல் இணைகளில் நீக்கலே போதும் என்று பிரதியிடலைப் பழகாமல் விட்டவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.